லிஸ்பனிலிருந்து கோவா எவ்வளவு தொலைவு?

இரு நகரங்களுக்கு இடையே எத்தனை கிலோமீட்டர், பறந்து செல்ல எத்தனை மணி நேரம் என்னும் வினாக்களுக்கு இன்று பள்ளிச் சிறுவனும் விடை கூறுவான். போர்த்துக்கல் நாட்டின் தலைநகராகிய லிஸ்பனையும், நம் நாட்டின் மேலைக் கடற்கரையிலுள்ள கோவாவையும் எடுத்துக்கொள்வோம். நில உருண்டையின் மீது ஒரு நூலை இழுத்துப் பிடித்து அளந்தாற்போல நேர்வழியில் கணக்கிட்டால், இவ்விரண்டிற்கும் இடையே ஏறத்தாழ 8,300 கிலோமீட்டர். மணிக்கு 850 முதல் 900 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஜெட் விமானம் இடையில் எங்கும் இறங்காமல் பறக்குமாயின், ஒன்பதரை மணி முதல் பத்து மணி நேரத்தில் வந்து சேர்ந்துவிடும். மத்தியதரைக் கடல், துருக்கி, ஈராக், பாரசீக வளைகுடா, அரபிக்கடல் என்று ஒவ்வொன்றாகக் காலடியில் நழுவிப் போகும். மேல்வானில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் பெருங்காற்று, கோவாவை நோக்கி வரும்போது பின்னின்று தள்ளும். லிஸ்பனுக்குத் திரும்பும்போது எதிர்த்து நிற்கும். ஆகவே திரும்பும் பயணம் சற்றே நீளும். மனிதன் இத்துணை முன்னேறிய பின்னரும் காற்று தன் சுங்கத்தைச் சிறிதளவேனும் வாங்கிக்கொண்டுதான் வழிவிடுகின்றது.

இனி, இதே இரு நகரங்களுக்கு இடையே பதினாறாம் நூற்றாண்டில் இருந்த தொலைவு எவ்வளவு? நிலம் நகரவில்லை; கடலும் நகரவில்லை. ஆயினும் அன்று சென்ற வழி ஆப்பிரிக்கக் கண்டத்தை முழுவதுமாகச் சுற்றி வந்த கடல்வழி. அதன் நீளம் ஏறத்தாழ 20,000 கிலோமீட்டர். எல்லாம் நன்றாக நடந்தால் ஆறு மாதம். நன்றாக நடவாவிடில் ஓர் ஆண்டுக்கும் மேல். சிலருக்கு முடிவே இல்லாத பயணம்.

தமிழ் மண்ணில் திருச்சபை வேர்விட்ட நூற்றாண்டுகளில், நம் முன்னோரின் வாழ்வைப் பற்றிய பெரிய முடிவுகள் பலவும் இந்தக் கடல்வழியைக் கடந்தே எடுக்கப்பட்டன. வினா எழுந்த இடம் மணப்பாடு, புன்னைக்காயல், மதுரை. விடை வரவேண்டிய இடம் கோவா. கோவாவுக்கும் மேலே லிஸ்பன். லிஸ்பனுக்கும் அப்பால் உரோமை. இடையில் கிடந்த அந்தக் கடலைக் கணக்கில் கொள்ளாமல் எழுதப்படும் மறைபரப்பு வரலாறு அரைகுறை வரலாறே என்பது நம் கருத்து.

குருமட நாள்களில் திருச்சபை வரலாற்று வகுப்பில், புனித சவேரியார் லிஸ்பனிலிருந்து புறப்பட்டது 1541, கோவா வந்தடைந்தது 1542 என்று மனப்பாடம் செய்தோம். தேர்வில் பிழையின்றி எழுதினோம். அவ்விரண்டு எண்களுக்கும் இடைப்பட்ட பதின்மூன்று மாதங்கள் எங்கே போயின என்று எவரும் கேட்டதில்லை, நாமும் கேட்கவில்லை. பிற்காலத்தில் அவருடைய கடிதங்களைப் படிக்கத் தொடங்கியபோதுதான் அந்தப் பதின்மூன்று மாதங்களின் கனம் ஒருவாறு புலப்படலாயிற்று.

பாய்மரக் கப்பலின் காலத்தில் நாள்காட்டியை எழுதியது காற்றே. நம் கடற்கரை மக்கள் வாடை, கொண்டல், கச்சான் எனக் காற்றுக்குப் பெயரிட்டு, அதன் போக்கறிந்தே கட்டுமரத்தைத் தள்ளுவர். அரபிக்கடலிலும் அவ்வாறே. ஆண்டின் ஒரு பாதியில் தென்மேற்குப் பருவக்காற்று ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியாவை நோக்கிக் கப்பல்களைத் தள்ளும். மறு பாதியில் வடகிழக்குப் பருவக்காற்று இங்கிருந்து அங்கே தள்ளும். இதை அறிந்து நடந்தவர்க்குக் கடல் சாலை. அறியாதவர்க்கு அது சிறை. முதன்முதல் இவ்வழியே வந்த வாஸ்கோ ட காமா இரண்டையும் பட்டறிந்தார். 1498 ஏப்ரல் 24-ஆம் நாள் ஆப்பிரிக்காவின் மலிந்தித் துறையிலிருந்து, கடல் அறிந்த வழிகாட்டி ஒருவரின் துணையோடு புறப்பட்ட அவர், மே 18-ஆம் நாள் இந்தியக் கரையைக் கண்டார். ஒரு மாதங்கூட ஆகவில்லை. திரும்பும்போதோ காற்று மாறும்வரை பொறுத்திருக்கவில்லை. அக்டோபர் தொடக்கத்தில் இந்தியக் கரையை விட்டகன்ற கப்பல்கள் ஆப்பிரிக்கக் கரையைக் கண்டது 1499 சனவரித் தொடக்கத்தில். அதே கடல்தான், அகலமும் அதேதான். இடையில் மூன்று மாதம். ஈறு வீங்கி, குருதி கசிந்து, பழைய புண்ணும் வாய்பிளக்கும் ஸ்கர்வி நோயால் ஏறத்தாழ முப்பது பேர் மாண்டனர். எஞ்சியோரைக் கொண்டு மூன்று கப்பல்களைச் செலுத்த இயலாமையால் ஒன்றைத் தீயிட்டுக் கொளுத்திவிட்டுச் சென்றனர்.

இப்படிக் கற்ற பாடத்தின்மேல்தான் ஆண்டுதோறும் லிஸ்பனிலிருந்து இந்தியாவுக்குக் கப்பல் அணி அனுப்பும் ஏற்பாடு அமைந்தது. மார்ச் அல்லது ஏப்ரலில் லிஸ்பன் ஆற்றுமுகத்தைக் கடக்க வேண்டும். ஆப்பிரிக்கக் கரையை ஒட்டிச் செல்லாமல், பிரேசில் நாட்டுப் பக்கமாகப் பெருங்கடலில் வளைந்து இறங்கி, பிறகு கிழக்கே திரும்பி நன்னம்பிக்கை முனையைச் சுற்ற வேண்டும். ஆகஸ்டுக்குள் மொசாம்பிக் தீவை அடைந்துவிட்டால், எஞ்சிய கச்சான் காற்றைப் பிடித்துச் செப்டம்பரில் கோவாவில் நங்கூரம் இறக்கலாம். சில வாரங்கள் பிந்திவிட்டாலோ அடுத்த ஆண்டுக் காற்று வரும்வரை மொசாம்பிக்கில் கிடக்க வேண்டியதுதான். திரும்பும் கப்பல்கள் மிளகை ஏற்றிக்கொண்டு டிசம்பரிலோ சனவரியிலோ கொச்சியிலிருந்து புறப்படும். கோடையில் லிஸ்பனை எட்டும். இந்தக் கணக்கில் ஒரு கிழமை தவறினால் ஓர் ஆண்டு தவறும்.

சவேரியார் லிஸ்பனில் கப்பலேறிய 1541 ஏப்ரல் 7, அவருடைய முப்பத்தைந்தாவது பிறந்தநாள். புதிய ஆளுநர் மார்ட்டிம் அபோன்சோ த சூசாவின் கப்பலில் அவருக்கு இடம் தரப்பட்டிருந்தது. கப்பல்கள் உரிய காலத்தில் மொசாம்பிக்கைக் கடக்கவில்லை. ஆகஸ்டு இறுதியில் அங்கே சேர்ந்தவர்கள் ஏறத்தாழ ஆறு மாதம் அத்தீவிலேயே தங்கினர். நீர்ச்சூழ்ந்த, காய்ச்சல் மலிந்த இடம். அங்கிருந்த மருத்துவமனையில் நோயாளர்க்குப் பணிவிடை செய்தும், சாகும் தறுவாயில் இருந்தோரின் ஒப்புரவை ஏற்றும் அவர் அம்மாதங்களைக் கழித்தார். வேறொரு கப்பலில் புறப்பட்டு, மலிந்தியையும் சொக்கோத்திராத் தீவையும் கண்டு, 1542 மே 6-ஆம் நாள் கோவாவில் இறங்கினார். அவ்வாண்டு அக்டோபரில் முத்துக்குளித்துறையை நோக்கிப் புறப்பட்டார்.

அங்கே அவரை எதிர்கொண்ட நிலைமை நாம் அறிந்ததே. சில ஆண்டுகளுக்கு முன் திருமுழுக்குப் பெற்ற பரதவ மக்கள், தம் மொழியில் ஒரு செபந்தானும் கற்பிக்கப்படாமல் விடப்பட்டிருந்தனர். எந்தச் செபத்தை முதலில் மொழிபெயர்ப்பது? மொழியறியாத ஒருவர் மொழிபெயர்ப்பை எவ்வாறு சரிபார்ப்பது? எத்தனை நாள் கற்பித்தபின் திருமுழுக்கு அளிப்பது? ஒவ்வொரு வினாவும் உரோமையில் அமர்ந்திருந்த இஞ்ஞாசியாரிடம் கேட்கத் தக்கதுதான். கேட்டிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று கணக்கிட்டுப் பார்ப்போம். சனவரியில் கொச்சியிலிருந்து செல்லும் கடிதம் கோடையில் லிஸ்பனை எட்டும். நிலவழியாகவும் கடல்வழியாகவும் உரோமையை அடைய இலையுதிர் காலம் வந்துவிடும். உடனே விடை எழுதி, மார்ச்சுக்குள் அது லிஸ்பன் துறைக்கு வந்துவிட்டால், அவ்வாண்டுச் செப்டம்பரில் கோவா. அங்கிருந்து தெற்கே கடற்கரைச் சிற்றூருக்கு இன்னும் சில வாரம். ஆக, ஒரு தடையும் நேராத நற்பேறு வாய்த்தால் இருபது மாதங்களில் விடை கிடைக்கும். ஒரே ஒரு கப்பல் தவறினால் முப்பத்திரண்டு மாதம். அதற்குள் வினாவில் குறிப்பிடப்பட்ட குழந்தை வளர்ந்திருக்கும், அல்லது இறந்திருக்கும்.

1545 சனவரியில் கொச்சியிலிருந்து உரோமைச் சபையினருக்கு எழுதிய கடிதத்தில், போர்த்துக்கலைவிட்டு வந்து நான்கு ஆண்டுகள் ஆகியும் உரோமையிலிருந்து தமக்கு வந்தது ஒரே ஒரு கடிதம் என்றும், போர்த்துக்கலிலிருந்து தம் தோழர் சிமோன் எழுதியவை இரண்டு என்றும் அவர் தெரிவிக்கின்றார். குற்றம் சாட்டும் தொனி அதில் இல்லை. தோழர்களின் கடிதங்களிலிருந்து அவர்தம் கையொப்பங்களைக் கத்தரித்தெடுத்துக் கழுத்தில் அணிந்துகொண்டார் என்பதை நம் மறைக்கல்வி வகுப்புகளில் பக்திக் கதையாகச் சொல்லி முடித்துவிடுகிறோம். நான்கு ஆண்டில் மூன்று கடிதங்கள் என்னும் கணக்கோடு சேர்த்துப் படித்தால் அச்செயலின் பொருள் வேறாகத் தோன்றுகின்றது. அவர்களிடமிருந்து அவர் கையில் இருந்ததெல்லாம் அவ்வளவே.

கடிதங்கள் கடலில் மூழ்கிப்போதல் இயல்பாக இருந்தமையால் இயேசு சபையார் ஒரே கடிதத்தைப் பல படிகள் எடுத்து, முதல் வழி, இரண்டாம் வழி எனக் குறித்து, வெவ்வேறு கப்பல்களில் அனுப்பினர். 1552-இல் சாம் ஜோவாம் என்னும் பெருங்கப்பல் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரையில் உடைந்தது. 1554-இல் சாம் பெந்து அதே கரைப்பகுதியில் அழிந்தது. பின்னதற்கு ஓர் இலக்கியத் தொடர்பும் உண்டு. போர்த்துக்கீசியரின் பெருங்கவிஞர் கமோயிஷ் 1553-இல் கோவா வந்தது அக்கப்பலில்தான். அவ்வாண்டு அணியில் அது ஒன்றே அந்தப் பருவத்திற்குள் இந்தியா சேர்ந்தது. திரும்பும் வழியில் அது மூழ்கியது. கவிஞர் இந்தியாவிலேயே தங்கிவிட்டமையால் பிழைத்தார்.

இத்தகைய தொலைவில் ஆட்சி எவ்வாறு நடக்கும்? இஞ்ஞாசியார் 1549 அக்டோபரில் சவேரியாரை இந்திய மாநிலத் தலைவராக நியமித்து எழுதினார். அக்கடிதம் அவர் கையில் கிடைத்தது 1551-இன் இறுதியில், அவர் சப்பானிலிருந்து திரும்பி மலாக்காவில் இறங்கிய வேளையில். இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக அவர் தலைவராக இருந்தார். அது அவருக்கே தெரியாது. அதன்பின் 1553 சூன் 28-ஆம் நாள் இஞ்ஞாசியார் மற்றொரு கடிதம் எழுதினார். சவேரியார் உடனே ஐரோப்பாவுக்குத் திரும்பவேண்டும் என்பது ஆணை. காரணங்களையும் விரிவாகவே எடுத்துரைத்தார். கீழ்ப்படிதலைத் தம் சபையின் தலையாய அணிகலனாகக் கருதிய இஞ்ஞாசியார், கீழ்ப்படிதலில் தம்மை எவரும் விஞ்சலாகாது என்று வாழ்ந்த சவேரியாருக்கு விடுத்த அந்த ஆணைக்கு விடையே இல்லை. சீனக் கரையோரம் சான்சியன் தீவில் 1552 டிசம்பர் 3-ஆம் நாளே சவேரியார் இறந்துபோயிருந்தார். ஏழு மாதங்களாக இவ்வுலகில் இல்லாத ஒருவரை, உரோமையில் ஒரு தந்தை, திரும்பி வா என்று அழைத்துக்கொண்டிருந்தார்.

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க விரும்புகிறோம். இத்தொலைவை வெறும் இடையூறாகவே காண்பது முறையாகாது. விடை வாராத இடத்தில் நின்ற மனிதர் தாமே முடிவெடுக்க வேண்டியவரானார். அவ்வாறு எடுக்கப்பட்ட முடிவுகளில் சில, அருகிருந்து ஆண்டிருந்தால் ஒருபோதும் எடுக்கப்பட்டிரா. தமிழ் அச்சின் தொடக்கமே இதற்குச் சான்று. 1554 பிப்ரவரியில் லிஸ்பனில், அரசரின் ஆதரவோடு, தமிழ்ச் செபங்கள் அடங்கிய சிறுநூல் ஒன்று அச்சாயிற்று. அங்கே தங்கியிருந்த தமிழர் மூவர் அதற்குத் துணைபுரிந்தனர். எண்ணம் நல்லதே. ஆயினும் லிஸ்பனில் தமிழ் எழுத்து வார்க்க எவரும் இல்லை. தமிழ்ச் சொற்களை உரோமானிய எழுத்துகளிலேயே அச்சிட்டனர். கடற்கரையில் ஒரு பரதவச் சிறுவன் அதை எவ்வாறு படிப்பான்?

1546-இல் இந்தியா வந்து, முத்துக்குளித்துறையிலேயே வாழ்ந்து, அந்த மண்ணிலேயே 1600-இல் கண்மூடிய அண்டிரிக் அடிகளார் எதையும் லிஸ்பனிடம் எதிர்பார்த்துக் காத்திருக்கவில்லை. தமிழை இலக்கணத்தோடு கற்றார். மற்றவர்க்குக் கற்பிக்க இலக்கணமும் எழுதினார். 1556-இல் லிஸ்பனிலிருந்து ஓர் அச்சுப்பொறி கோவா வந்திறங்கியது. அதுவும் உண்மையில் எத்தியோப்பியாவுக்கென அனுப்பப்பட்டது. வழியில் கோவாவில் தங்கியதே நமக்கு வாய்த்த பேறு. பின்னர் இந்திய மண்ணிலேயே தமிழ் எழுத்துகள் வார்க்கப்பட்டு, 1578 அக்டோபர் 20-ஆம் நாள் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் தமிழ் எழுத்தில் அச்சேறியது. பதினாறே பக்கம். லிஸ்பன் நூலுக்கும் கொல்லம் நூலுக்கும் இடையே இருபத்துநான்கு ஆண்டுகள் கழிந்திருந்தன. எனினும் தமிழர் தம் எழுத்திலேயே படிக்கக்கூடிய நூல் பிறந்தது கடலுக்கு இப்பால்தான்.

நாணயத்தின் மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. 1604-இல் லிஸ்பனில் கப்பலேறி, மொசாம்பிக்கில் தடைப்பட்டு, 1605 மே மாதம் கோவா வந்த இராபர்ட் தெ நொபிலி 1606-இல் மதுரை சேர்ந்தார். காவி உடுத்து, மரக்கறி உணவு உண்டு, தமிழும் வடமொழியும் கற்று அவர் நடத்திய பணியைப் பற்றி விரைவிலேயே உடன்பணியாளர் வழியே குற்றச்சாட்டு எழுந்தது. திருமுழுக்குப் பெற்றவர் பூணூலும் குடுமியும் வைத்துக்கொள்ளலாமா, சந்தனம் பூசலாமா, நீராடும் வழக்கம் சமயச் சடங்கா, நாட்டு வழக்கமா என்பன வினாக்கள். வினா எழுந்தது மதுரையில். அது கொச்சிக்குச் சென்றது, கோவாவுக்குச் சென்றது, லிஸ்பன், உரோமை என்று அலைந்தது. ஒவ்வொரு கையிலிருந்தும் ஒரு கருத்து கூடிற்று. கொடுங்கல்லூர்ப் பேராயர் ரோஸ் அவரை ஆதரித்தார். கோவாப் பேராயர் எதிர்த்தார். 1619-இல் கோவாவில் கூடிய ஆலோசனை அவையில் பெரும்பாலோர் மதுரையைக் கண்டவரல்லர். திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியார் தெ நொபிலிக்குச் சார்பாகத் தீர்ப்பளித்த மடல் 1623 சனவரி 31-ஆம் நாளுக்குரியது. குற்றச்சாட்டு எழுந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேல். அவ்வாண்டுகளில் மதுரைப் பணி தேங்கி நின்றது. இந்தத் தாமதம் முழுவதையும் காற்றின்மேல் போடுவது பொருந்தாது. மனிதரின் பிடிவாதமும் அதில் நிறையவே உண்டு. ஆனால் பிடிவாதத்துக்கு இளைப்பாற இடம் கொடுத்தது அந்தக் கடல். ஒரு சுற்றுக் கடிதம் போய்வர இரண்டு ஆண்டாகும் உலகில், மூன்று முறை மறுத்துக் கேட்டாலே ஒரு மனிதனின் பணிக்காலத்தில் கணிசமான பகுதி கரைந்துவிடும்.

அதே வகை வினா அடுத்த நூற்றாண்டில் மீண்டும் எழுந்தபோது நிலைமை இன்னும் மோசமாயிற்று. திருத்தந்தையின் தூதராகச் சீனாவுக்குச் சென்ற துர்னோன், வழியில் 1703 நவம்பரில் புதுச்சேரியில் இறங்கி ஏறத்தாழ எட்டு மாதம் தங்கினார். உடல்நலம் குன்றியிருந்த அவர் உள்நாட்டுப் பணித்தளங்களை நேரில் காணவில்லை. 1704-இல் நம் நாட்டு வழக்கங்கள் பலவற்றைத் தடைசெய்யும் ஆணையை வெளியிட்டுவிட்டுக் கப்பலேறினார். மறுப்புரைக்க லாயினஸ் அடிகளாரும் பூஷே அடிகளாரும் உரோமைக்கே செல்லவேண்டியதாயிற்று. ஆணையும் விளக்கமும் மாறி மாறிக் கடலைக் கடக்க, பதினான்காம் ஆசீர்வாதப்பர் இறுதி முடிவை அறிவித்தது 1744-இல். நாற்பது ஆண்டுகள்! தொடங்கியபோது இளங்குருக்களாக இருந்தோரில் முடிவைக் கண்டவர் மிகச் சிலரே இருந்திருப்பர்.

ஆயர் நியமனத்தையும் ஈண்டுக் குறிப்பிடவேண்டும். 1534-இல் உருவான கோவா மறைமாவட்டத்தின் எல்லை நன்னம்பிக்கை முனை தொடங்கிச் சீனா வரை நீண்டது. அவ்வளவு பரப்புக்கும் ஓர் ஆயர். 1538-இல் வந்த ஆயர் ஜோவாம் த அல்புகெர்க்கே 1553 பிப்ரவரியில் இறந்தார். இறப்புச் செய்தி கப்பலேறவேண்டும், அரசர் ஒருவரை முன்மொழியவேண்டும், உரோமை உறுதிசெய்யவேண்டும், அவர் திருநிலைப்படுத்தப்பட்டுப் பருவக்காற்றுக்கு ஏற்பக் கப்பலேறவேண்டும். கோவா பேராயர் பீடமாக உயர்த்தப்பட்டு, பேராயர் கஸ்பார் த லெயாம் வந்திறங்கியது 1560-இல். ஏழு ஆண்டுகள் ஆயரின்றிக் கழிந்தன.

பின்வந்த மாற்றங்கள் பலரும் அறிந்தவை; விரைந்து கடக்கலாம். 1869-இல் சூயசு கால்வாய் திறக்கப்பட்டதும் ஆப்பிரிக்காவைச் சுற்றும் தேவை ஒழிந்தது. நீராவிக் கப்பலுக்குப் பருவக்காற்றின் தயவும் தேவைப்படவில்லை. அடுத்த ஆண்டே, 1870-இல், பம்பாயை ஐரோப்பாவுடன் இணைக்கும் கடலடித் தந்திக் கம்பி முழுமை பெற்றது. மனித உடல் இன்னும் வாரக்கணக்கில் அலைமேல் ஆடிக்கொண்டிருக்கையில் மனிதச் சொல் சில மணி நேரத்தில் கடலைக் கடந்தது. உடலுக்கு முன்னே சொல் விரைந்துவிட்டது என்பதை நாம் போதிய அளவு எண்ணிப்பார்ப்பதில்லை. விமானம் வந்தபோது உடல் தன் சொல்லைத் துரத்திப் பிடிக்க முயன்றது எனலாம். 1924 ஏப்ரலில் போர்த்துக்கீசிய வானோடிகள் பிரிட்டோ பாய்ஷ், சர்மெந்து த பெய்ரேஷ் ஆகியோர் மக்காவுவை நோக்கிப் புறப்பட்டு, ஒரு மாதத்தில் இந்தியா வந்தெட்டினர். ஜோத்பூர்ப் பகுதியில் விமானம் விழுந்து நொறுங்கியது; வேறொன்றை வாங்கிக்கொண்டு மேலும் பறந்தனர். அவர்கள் எடுத்துக்கொண்டதும் ஏறத்தாழ ஒரு மாதம். மலிந்தியிலிருந்து வாஸ்கோ ட காமாவுக்கு வாய்த்த நற்காற்றும் அவ்வளவே.

1964 டிசம்பர் 2-ஆம் நாள் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் ஏர் இந்தியா விமானத்தில் உரோமையிலிருந்து பெய்ரூட் வழியாகப் பம்பாய் வந்திறங்கினார். நற்கருணை மாநாட்டில் கலந்துகொண்டு நான்காம் நாள் திரும்பினார். பேதுருவின் வழித்தோன்றல் ஒருவர் இந்திய மண்ணை மிதித்தது அதுவே முதல்முறை. சவேரியாரின் உடலே இவ்விரு காலங்களையும் கண்டது. திருமுழுக்கு அளித்து ஓய்ந்த அவருடைய வலக்கை 1614-இல் துண்டிக்கப்பட்டுக் கடல்வழியே உரோமைக்கு அனுப்பப்பட்டது. அதே கை 2018 சனவரியில் கனடா நாட்டு மக்களின் வணக்கத்துக்காக விமானத்தில் கொண்டுசெல்லப்பட்டபோது, அதற்கெனத் தனி இருக்கை ஒதுக்கப்பட்டிருந்தது.

ஆயினும் லிஸ்பனுக்கும் கோவாவுக்கும் இடையேயுள்ள தொலைவு பத்து மணி நேரமாகச் சுருங்கிவிட்டது என்று எழுதி முடித்துவிட இயலவில்லை. வானூர்தி அத்தொலைவைச் சுருக்கிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் வேறொன்று அதை நீட்டியது. இந்தியா விடுதலை பெற்ற பின்னும் போர்த்துக்கல் கோவாவை விட மறுத்தது. கோவாவில் தபோலிம் விமான நிலையம் 1955-இல் திறக்கப்பட்டது; இந்தியாவுக்கும் போர்த்துக்கலுக்கும் இடையே தூதரக உறவு முறிந்ததும் அதே 1955-இல். 1961 டிசம்பரில் இந்தியப் படைகள் நுழைந்தபோது குண்டுபட்ட அந்த ஓடுபாதையிலிருந்து, போர்த்துக்கீசியரின் பயணியர் விமானங்கள் இரண்டு இரவோடிரவாக எழும்பிக் கராச்சிக்குத் தப்பின. அதன்பின் இரு நாடுகளும் மீண்டும் தூதரை அனுப்பிக்கொள்ள இசைந்தது 1974 டிசம்பரில்.

கோவாவின் பேராயராக இருந்த ஜோசே வியேரா அல்வெர்னாஸ் 1962-இல் அம்மண்ணைவிட்டு அகன்றார், பிறகு திரும்பவேயில்லை. ஆனால் பதவி அவருடையதாகவே நீடித்தது. மறைமாவட்டத்தை நடத்தும் பொறுப்பு அப்போஸ்தலிக்க நிர்வாகிகளிடம் விடப்பட்டது. அவர் பதவி விலகியது 1975-இல். கோவாவிலேயே பிறந்த ராவுல் கொன்சால்வெஸ் பேராயராக நியமிக்கப்பட்டது 1978 சனவரியில். பாய்மரக் காலத்தில் ஏழு ஆண்டுகளாக இருந்த இடைவெளி, ஜெட் விமானக் காலத்தில் பதினாறு ஆண்டுகளாயிற்று.